பத்துக் கையெழுத்து

— "சித்தி, எங்கம்மா மட்டும் ஏன் படியில பின்னால திரும்பி எறங்குது?"ன்னு மூணு வயசுல உன்னைக் கேட்டாளே, ராசிபுரத்துக் கல்யாண மண்டபத்துல, ஞாபகம் இருக்குதா? அதே ஷாலினியைத்தான் புள்ள, நீ இப்ப டீமுல சேக்க மாட்டேங்கிற.

— ஞாபகமில்லாம என்ன சரிதா. இன்னிக்கும் இந்த ரூமுக்கு நீ அப்படித்தானே எறங்கி வந்தே. பதினாலு படி. கீழ நின்னு எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.

— எண்ணுனியே, கையைக் குடுத்தியா பிரவீனா?

— குடுத்தா புடிச்சிருப்பியா?

— மாட்டேன். சரி, அன்னிக்கு அவளுக்கு என்ன பதில் சொன்னே? மறந்தே போச்சு.

— மேல இருக்கறவங்களை விட்டுட்டு வர உங்கம்மாவுக்கு மனசில்ல, அதான் பாத்துக்கிட்டே எறங்குதுன்னு சொன்னேன்.

— அப்பவே நல்லாப் புளுகுவே. இந்தா, இதைப் புடி. தட்டுவடை செட்டு. அம்மாபேட்டையில கட்டுனது மல்லூரு வந்து சேர்றதுக்குள்ள நசுங்கிப் போச்சு. காரம் நசுங்கியிருக்காது.

— எனக்கா?

— இல்ல, இந்த இரும்புக் குண்டுக்கு. ஞாயித்துக்கெழமை அதுவுமா உன்னைத் தவுர யாரு இருக்கறா இங்க?

— யாருமில்ல. மெஸ்ஸுல எனக்கு ஒரு தட்டு மூடி வெச்சிருப்பாங்க. நான் போறப்ப ஆறிப் போயிருக்கும். எனக்குன்னு ஒருத்தரு கட்டி எடுத்தாந்து... சரி விடு. அந்த உசரப் பெட்டி மேல உக்காரு. எந்திரிக்கச் சுலுவா இருக்கும்.

— மரப்பெட்டி, லாரி டயரு, சங்கிலி, மணல் மூட்டை. ஏம் புள்ள, இது காலேஜா, எங்கண்ணன் வேலை செய்யற லாரிப் பட்டறையா?

— டயரு பட்டறையில கேட்டு வாங்கியாந்ததுதான். காலேஜுல கேட்டா, பந்து வேணுமா, வலை வேணுமா, வாங்கித் தாரோம், இதெல்லாம் எதுக்குங்கிறாங்க.

— நானும் அதையேதான் கேக்கறேன். வாலிபால் ஆடற புள்ளை டயரைப் பெரட்டுனா பந்து வலைக்கு அக்கட்ட போயி விழுந்துருமா?

— விழுவாது. குதிக்கறதையும் அடிக்கறதையும் தங்கசாமி சார் பாத்துக்கறாரு. அவருதான் கோச். கப்பு வாங்குனா போட்டோவுல நிக்கறதும் அவருதான். நிக்கட்டும், நல்ல மனுசன். என் வேலை வேற. குதிச்ச புள்ளை எறங்கணுமில்ல? அந்தக் காலுக்குப் பலம் ஏத்தறது என் வேலை. இடுப்பு, தொடை, கெண்டைக்காலு. ரெண்டு மாசம். அதுல கடைசிப் பத்து நாளு ஆஸ்டல்லயே தங்கி, விடியக்காலையில அஞ்சரை, சாயங்காலம் அஞ்சு.

— அதுல என்ன கண்டே?

— நான் இங்க வந்து நாலு வருசமாச்சு. ஒரு புள்ளைக்கும் முட்டி போகல.

— அதை யாராச்சும் கேட்டாங்களா?

— நடந்ததைத்தான் கேப்பாங்க. நடக்காததை யாரு கேப்பா? வருசா வருசம் ஆபீஸுல கூப்புட்டு, "மேடம், உங்க ரூமால என்ன பிரயோசனம்னு எழுதிக் குடுங்க"ம்பாங்க. நானும் எழுதிக் குடுப்பேன். "இந்த வருசம் யாருக்கும் ஒண்ணும் ஆகவில்லை"ன்னு, ஒரே வரி.

— சிரிக்க மாட்டாங்க?

— சிரிப்பாங்க. நானும் கூடச் சிரிச்சுட்டு இங்க எறங்கி வந்துருவேன்.

— கேட்டுக்க, நான் சுத்தி வளைக்கல. நாளைக்கு நீ தங்கசாமி சாருகிட்ட பேரு குடுக்கணுமாம். ஷாலினி அந்தக் கடைசிப் பத்து நாளும் வரல, அதனால பேரு இல்லைன்னுட்டியாம்.

— ஏன் வரலைன்னு கேட்டேன். "ஊட்ல விடலைங்க மிஸ்"ன்னா. அதுக்கு மேல வாயைத் தொறக்கல.

— நான்தான் விடல. எங்க பக்கம் ஆடி நோம்பி சாட்டியாச்சு, கோயில் திருவிழா. மாரியம்மனுக்குப் பூச்சாட்டுனப்புறம் ஊரு எல்லையைத் தாண்டி ராத்தங்கலாமா? பகல்ல எங்க வேணாப் போகட்டும், ராத்திரிக்கு ஊடு வந்து சேரணும். அவ ஆஸ்டல்ல தங்கறதுக்கு நான் எப்படி ஒத்துக்குவேன்? அஞ்சரைக்கு இங்க வந்து நிக்கறதுக்கு எந்த பஸ்ஸு இருக்குது?

— அதை அப்பவே எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமில்ல?

— நீ எனக்கு போன் பண்ணி எத்தனை வருசமாச்சு? கல்யாணம் காச்சின்னா பாத்துக்கறோம், "நல்லாருக்கியா, நல்லாருக்கேன்". அவ்வளவுதானே. ஆனாலும் நீ இருக்கற காலேஜுன்னுதான் எம் புள்ளையை இங்க சேத்தேன். இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரெஜிஸ்டர்ல அவ பேருக்கு நேரா பத்துக் கட்டத்துல பத்துக் கையெழுத்து போட்டுரு. மேட்சு நோம்பி முடிஞ்ச மூணாம் நாளுதான். அதுக்கு அனுப்பறதுல எனக்கு ஒண்ணுமில்ல.

— ஷாலினி கேக்கச் சொன்னாளா?

— அவளா! கூட ஆடற ரஞ்சிதாங்கற புள்ளை, "உனக்கும் சேத்து நானே போட்டுடறேன்டீ"ன்னு போன்ல சொல்லியிருக்கா. இவ வேண்டாம்னுட்டா. வேண்டாம்னு சொல்லிட்டு தறி ரூமுக்குள்ள போயி உக்காந்து அழுவறா. மூணு நாளாச்சு. எங்கூட்டுக்காரரு, உங்க மாப்ள குருமூர்த்திக்குக் கூட நான் இங்க வந்தது தெரியாது. நானா பஸ்ஸேறி வந்தேன்.

— நல்ல புள்ளையா வளத்திருக்கே.

— நல்ல புள்ளை வெளிய உக்காந்து கை தட்டறதுக்கா?

— சரிதா, என்னால முடியாது.

— ஏன் முடியாது? எனக்குப் போட்டியே!

— அதனாலதான் முடியாது.

— என்ன பேச்சு இது? இருபது வருசமா நான் சாமியைக் கும்புடறப்ப உன் பேரையும் சேத்துச் சொல்றேன், தெரியுமா உனக்கு? நாம காலேஜுல ஒண்ணா ஆடுனப்ப எங்கூர்ல ஐப்பசி நோம்பி சாட்டியிருந்துது. எங்கம்மா என்னை ஆஸ்டல்ல தங்க விடல. பத்து நாள் கேம்ப்புக்கு வராதவங்களுக்கு டீமுல எடமில்லைன்னு நம்ம கோச் அங்கமுத்து சார் கறாராச் சொல்லிட்டாரு. கேப்டன் நீ. நான் கேக்கக் கூட இல்ல. நீயா எம் பேருக்கு நேரா பத்துக் கையெழுத்தும் போட்டுட்டு வந்து, "கவலைப்படாதே, நீ ஆடறே"ன்னே. எனக்குன்னு ஒருத்தரு அந்த மாதிரி செஞ்சது அதுதான் மொதலும் கடைசியும்.

— சும்மா இரு சரிதா.

— ஏன் இருக்கணும்? உன்னாலதான் நான் ஆடுனேன். கோயமுத்தூர்ல, அத்தனை சனம் பாக்க. பதினோரு பாயிண்டு எடுத்தேன். எனக்கு அந்த ஒரு மேட்சுதான் இருக்குது, சொல்லிக்கறதுக்கு.

— பன்னெண்டாவது பாயிண்டுக்குக் குதிச்சே.

— குதிச்சேன். கீழ வந்தப்ப முட்டிக்குள்ள நூலு அறுந்த மாதிரி ஒரு சத்தம். அதோட சரி. அது உன் தப்பில்ல, கேட்டுக்க. அதுக்குக் காரணம் வேற. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

— என்ன காரணம்?

— நோம்பிக்கு ரெண்டு நாளுதான் இருந்துது. அம்மாகிட்டப் புளுகிட்டு கோயமுத்தூர்ல ராத்தங்குனேனில்ல? சாட்டுன நோம்பியில எல்லை தாண்டித் தூங்குனேன். மாரியாத்தா பாத்துட்டா. மறுநாளே காலைப் புடிச்சு இழுத்துட்டா.

— சரிதா!

— ஆமா புள்ள. அதுல இருந்து நான் நோம்பிக்குக் கோயிலுக்குள்ள போறதில்ல. ஊட்டுல எல்லாருக்கும் மாவிளக்கு இடிச்சுக் குடுத்து அனுப்பிருவேன். முட்டி வலிக்குதும்பேன். அவங்க போனப்புறம் நான் தனியா வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை ஓரமா நின்னு, தேரு திரும்பறதைப் பாத்துட்டு ஊட்டுக்குப் போயிருவேன். கிட்டப் போக பயம். இப்பச் சொல்லு, நான் எப்படி எம் புள்ளையை ராத்தங்க விடுவேன்? அவளுக்கும் காலு போச்சுன்னா?

— எத்தனை வருசமா இப்படி?

— விழுந்த நாள்ல இருந்துதான். நீ ஏன் எந்திரிக்கிறே? உக்காரு.

— ஆத்தா ஒண்ணும் பண்ணல சரிதா. பண்ணுனது நான்.

— உளறாதே.

— கேளு. நடுவுல பேசாதே, பேசுனா நான் நிறுத்திருவேன். அங்கமுத்து சார் ஆம்பளை. பொண்ணுங்க ஆஸ்டலுக்குள்ள வரக் கூடாது. அதனால விடியக்காலைப் பயிற்சியை எனக்குச் சொல்லிக் குடுத்து, மொட்டை மாடியில என்னை நடத்தச் சொன்னாரு. என்ன பயிற்சி? சிமெண்டுப் பெஞ்சு மேல இருந்து குதிக்கணும். எறங்குனதும் முட்டியை மடக்கி, உள்ள சாய விடாம, அசையாம மூணு எண்ணுற வரைக்கும் நிக்கணும். அப்புறம் ஒத்தைக்கால்ல. ஒரு நாளைக்கு நூறு தடவை. "இதைச் செய்யாத புள்ளையை நான் மேட்சுல எறக்க மாட்டேன், பாவம்"னு சொன்னாரு. நீ பகல்ல பந்து ஆட வந்தே. உன் ஆட்டத்தை அவரு பாத்தாரு. மாடியில நீ இல்லைங்கறது எனக்கு மட்டும்தான் தெரியும். ரெஜிஸ்டரைப் பாத்துட்டு உன்னை எறக்குனாரு.

— அதனால?

— நீ எறங்குனப்ப உன் முட்டி உள்ள சாஞ்சுது. நான் வலைகிட்ட நின்னேன். பந்தை உனக்குத் தூக்கிக் குடுத்ததே நான்தானே. என் கண்ணு முன்னால சாஞ்சுது. அந்தப் பத்து நாளும் எதைச் சாய விடக் கூடாதுன்னு நான் கத்திக்கிட்டு இருந்தேனோ, அது.

— பத்து நாளு குதிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டேனா?

— தெரியாது. சத்தியமா அப்படிச் சொல்ல மாட்டேன். விழுந்தாலும் விழுந்திருப்பே. ஆனா அந்தக் காலோட அவரு உன்னை எறக்கியிருக்கவே மாட்டாரு. பலமில்லாத காலை பலமிருக்குதுன்னு எழுதிக் குடுத்தது நான்.

— ம்.

— இன்னும் இருக்குது. உன்னை ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து சார் என்னைத் தனியாக் கூப்புட்டாரு. "அந்தப் புள்ளை பத்து நாளும் வந்துச்சா பிரவீனா?"ன்னாரு. ஒரே ஒரு தடவைதான் கேட்டாரு. "வந்துச்சுங்க சார்"ன்னேன். மூஞ்சி கறுத்துப் போச்சு அவருக்கு. பத்து நாளும் செஞ்ச புள்ளைக்கே முட்டி போச்சுன்னா தன்னோட பயிற்சியே பொய்யின்னு நெனச்சுட்டாரு. அடுத்த வருசம் கேம்ப்பே நடத்தல. ரெண்டு வருசத்துல இன்னும் ரெண்டு புள்ளைங்க உன்னை மாதிரியே விழுந்தாங்க. அவரு செத்ததுக்குப் போனேன். சொல்லணும்னுதான் போனேன். மாலையைப் போட்டுட்டு வந்துட்டேன். அவரு செஞ்ச வேலையைத்தான் இங்க செய்யறேன். வேற எப்படி ஈடு கட்டறதுன்னு எனக்குத் தெரியல... என்ன சரிதா, வெரலை மடக்கிக்கிட்டிருக்கே?

— இரு. எண்ணிக்கிட்டிருக்கேன்.

— என்னத்தை?

— இருபது நோம்பி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன இருபது நோம்பி.

— எனக்குத் தெரியாது. "விதி"ன்னு ஒரு வார்த்தையிலதானே எப்பவும் முடிச்சே. ஆத்தாளுக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா...

— நீ சொல்லியிருந்தா! நீ ஒரு தடவை வாயைத் தொறந்திருந்தா! எங்கம்மா சாகறப்ப, "என்னை மன்னிச்சுரச் சொல்லி ஆத்தாகிட்ட வேண்டிக்கம்மா"ன்னு காலைப் புடிச்சு அழுதேன். அவளுக்கு என்னத்துக்குன்னே புரியல. ஷாலினி காய்ச்சல்ல கெடந்தா ஆத்தா, உங்க மாப்ள வண்டியில விழுந்தா ஆத்தா. ஒண்ணொண்ணுக்கும் அவளைச் சந்தேகப்பட்டேன். என்னைத் தொடாத தெய்வத்தை.

— திட்டு. அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

— அடிச்சு? அடிச்சா இந்த முட்டி நேராயிருமா?

— எங்க போறே? படியாவது மெதுவா...

— எங்கயும் போகல. தண்ணி குடிக்க எந்திரிச்சேன். கொடம் எங்க இருக்குது?

— இரு, நான் எடுத்தாரேன்.

— வேண்டாம். எனக்குக் காலு இருக்குது.

— ...சரிதா, அழுவறியா?

— தண்ணி குடிக்கறேன். நீ உன் கண்ணைத் தொடைச்சுக்க மொதல்ல. நல்லா இருக்குது, ரெண்டு கெழவிங்க இரும்புக் குண்டுகிட்ட உக்காந்து அழுவறது.

— நாப்பது வயசு கெழவியா?

— எம் முட்டியைக் கேளு, சொல்லும். போன மாசம் கூட அஸ்தம்பட்டியில டாக்டர்கிட்டக் காட்டுனேன். "இத்தனை வருசம் கழிச்சு ஆபரேசன் வேண்டாம்மா. தொடைச் சதை வத்திப் போச்சு. பயிற்சி செஞ்சா நல்லா நடக்கலாம்"னு எழுதிக் குடுத்தாரு. பீரோவுல போட்டு வெச்சிருக்கேன். யாருகிட்டப் போயி இந்த வயசுல பயிற்சி கத்துக்கறது, சிரிப்பாச் சிரிக்க மாட்டாங்க?

— அந்தச் சீட்டு இன்னும் இருக்குதா?

— இருக்குது. அதை விடு. ஷாலினிக்கு வருவோம். நீ நாளைக்கு அவ பேரைக் குடுக்க வேண்டாம்.

— நெசமாத்தான் சொல்றியா?

— பின்ன? என்னை எறக்குன மாதிரி அவளையும் எறக்கிட்டு, நான் மறுபடியும் ஆத்தாளைச் சந்தேகப்படறதுக்கா? நோம்பி முடியட்டும். முடிஞ்ச மறுநாள் அவளே பெட்டியைத் தூக்கிட்டு ஆஸ்டலுக்கு வருவா. பத்து நாளோ இருபது நாளோ, நீ சொல்றதை எல்லாம் செய்யட்டும். அடுத்த மேட்சுல ஆடட்டும். ஊரு வழக்கமும் கெட வேண்டாம், உன் ரெஜிஸ்டரும் கெட வேண்டாம்.

— அவ அழுவாளே.

— அழுவட்டும். எதுக்குன்னு நான் சொல்லிக்கறேன். எம் புள்ளை, ரஞ்சிதா கையெழுத்தை வேண்டாம்னவ. எனக்கு முந்தியே அவளுக்குப் புரியும்.

— உன்கிட்ட ஒரு மன்னிப்பு...

— அதைப் பேசாதே. கேட்டுக்க, நீ செஞ்சது தப்பு. ஆனா நீ செஞ்சப்ப எம் மேல இருந்த பாசத்துல செஞ்சே. அது ரெண்டும் எனக்குத் தெரியும். மொதல்ல சொன்னதை ஆத்தாகிட்ட இருந்து எடுத்து உன் பேருல போட்டுக்கறேன். ரெண்டாவதை எங்க வெக்கறதுன்னு இனிமேத்தான் யோசிக்கணும்.

— யோசி. நான் காத்திருக்கேன்.

— ஏம் புள்ள, அந்தத் தட்டுவடையைப் பிரிக்கவே இல்லையே நீ. திங்கறியா, நானே திருப்பிக் கொண்டு போகட்டா?

— இப்படிக் குடு. நீயும் ஒண்ணு எடு. சரிதா, நாளைக்கு விடியக்காலையில உங்கூட்டுக்கு வாரேன்.

— என்னத்துக்கு?

— கேம்ப்பு நேத்தோட முடிஞ்சுது. காலையில எனக்கு வேலையில்ல. வண்டியில அரை மணி நேரம்தான். கதவை மட்டும் தொறந்து வை. யாருகிட்டயும் சொல்லாதே.

*

— வந்துட்டியா புள்ள? மணி அஞ்சு கூட ஆகல. தெருவுல ஒரு தறி கூட ஓட ஆரம்பிக்கல.

— அதுக்குத்தான் இந்த நேரம் வந்தேன். எல்லாரும் தூங்கறாங்களா?

— தூங்கறாங்க. மெதுவாப் பேசு. நேத்து ராத்திரியே ஷாலினிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். எந்திரிச்சு உக்காந்து கேட்டா. அப்புறம், "மிஸ் பாவம்மா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

— அப்படியா சொன்னா?

— ஆமா. உள்ள வா. அது என்ன கையில?

— பாயி. ரப்பர் பாயி. வழுக்காது.

— நீ கதவைத் தொறந்து வைன்னப்பவே நெனச்சேன். இங்கயே வந்து அவளுக்குச் சொல்லித் தரப் போறே, அப்படித்தானே? மொட்டை மாடியைக் கூட்டி வெச்சிருக்கேன். நில்லு, அவளை எழுப்பிட்டு வாரேன்.

— எழுப்பாதே. அவ தூங்கட்டும். அவளுக்கு நோம்பி முடிஞ்சப்புறம் நான் காலேஜுல இருக்கேன். நீ பீரோவுல இருந்து அந்த டாக்டர் சீட்டை எடுத்துட்டு மாடிக்கு வா சரிதா. பத்து நாளும் உனக்குத்தான் வாரேன்.